அரசு ஐடிஐக்குப் பணம் எங்கிருந்து வருது, கணக்கு கேட்கிறது யாரு?

பென்னாகரம்_வாசி

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐடிஐ, பாலிடெக்னிக் நிர்வாகம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

நம்ம மாவட்டத்துல ஒரு அரசு ஐடிஐ (பேர் வேண்டாம்). புதுக் கட்டடத்துல ரோபோ கை நிக்குது. பக்கத்து ஷெட்டுல வெல்டர் பசங்களுக்கு ராடு இல்லன்னு தியரி மட்டும் நடக்குது. இதை யார்கிட்ட கேட்டாலும் ஒருத்தர் "அது டெல்லி"ங்கிறார், இன்னொருத்தர் "அது சென்னை"ங்கிறார், மூணாவது ஆள் "கலெக்டர்கிட்ட மனு குடுங்க"ங்கிறார். அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் போடலாமான்னு பெற்றோர்கள் கேட்கிறாங்க.

1) பணம் உண்மையில யாரு தர்றா? 2) வந்து சோதிக்கிறது யாரு? 3) கோடிக்கணக்குல மெஷின் வாங்க முடியுது, ராடு வாங்க ஏன் முடியல? 4) பாலிடெக்னிக்கும் இதே கதைதானா?

---

மார்ச்_31

இது ரெண்டு எஜமான் இருக்கிற வீடு. சான்றிதழ் டெல்லியோடது, சம்பளம் சென்னையோடது. இதைப் பிரிச்சுட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை 1950ல மத்திய அரசு ஆரம்பிச்சது. அன்றாட நிர்வாகம் 1956லயும், பணப்பொறுப்பு 1969லயும் மாநிலங்களுக்கு வந்துடுச்சு. இன்னிக்கு அரசு ஐடிஐயோட சம்பளம், கரண்ட் பில், ராடு, கட்டட மராமத்து எல்லாம் தமிழ்நாடு பட்ஜெட்டுல இருந்துதான். தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, மானியக் கோரிக்கை எண் 32 (பட்ஜெட்டுல அந்தத் துறைக்கான பகுதி). அதுக்குக் கீழே கிண்டியில இருக்கிற வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. கணக்குத் தலைப்பு 2230, அதுல துணைப்பிரிவு 03 பயிற்சி. புதுக் கட்டடம் மாதிரி மூலதனச் செலவு 4250ல வரும். வருஷா வருஷம் சட்டமன்றத்துல வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழ்லயே இறக்கிப் படிக்கலாம், ஓசிதான்.

இப்ப உங்க மூணாவது கேள்வி. அதுலதான் விஷயமே இருக்கு.

ஐடிஐக்கு வர்ற பணம் ஒரே பை இல்ல, பல டப்பா. சம்பளம் ஒரு டப்பா, இயந்திரம் தளவாடம் ஒண்ணு, பராமரிப்பு ஒண்ணு, மூலப்பொருள் ஒண்ணு. ஒரு டப்பாவுல மிச்சம் இருக்குன்னு பிரின்சிபால் எடுத்து இன்னொண்ணுல போட முடியாது. அதுக்கு மறு ஒதுக்கம்னு மேலே இருந்து உத்தரவு வரணும். ரோபோ கை வந்தது தனி வழி. 2022ல டாடா டெக்னாலஜிஸோட ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 (ரோபோ, கம்ப்யூட்டர் இயக்குற மெஷின்) தரத்துக்கு மாத்துற திட்டம், மொத்த மதிப்பு ரூ.2,877.43 கோடி. அந்தப் பணத்துல ஒரு பாக்கெட் ராடு வாங்க முடியாது, அது அதுக்கான பணம் இல்ல. ராடு வருஷாந்திர ஒதுக்கீட்டுல, மூலப்பொருள் டப்பாவுல இருந்து வரணும்.

அந்த டப்பாவுல பணம் வர்ற வழி இது. ஐடிஐ தேவைப்பட்டியல் அனுப்பும். இயக்குநரகம் எல்லா ஐடிஐக்கும் பிரிச்சு ஒதுக்கும். பிரின்சிபால்தான் பணம் பெற்று வழங்கும் அலுவலர், அதனால ஒதுக்கீடு அவர் பேருக்குக் கருவூல மென்பொருள்ல ஏறும். அதுக்கப்புறம் தொகையைப் பொறுத்து விலைப்புள்ளியோ டெண்டரோ, இல்லைன்னா ஜெம்னு சொல்ற அரசு கொள்முதல் தளமோ. பொருள் வந்து, இருப்புல ஏத்தி, பில் போட்டு, கருவூலம் பாஸ் பண்ணணும். இத்தனையும் மார்ச் 31க்குள்ள முடியணும். முடியலன்னா பணம் காலாவதி. ஏப்ரல்ல புதுசா ஒதுக்கீடு வர்ற வரைக்கும் அதே பழைய கதை.

அதனால "பணமே தரல"ங்கிறதும் "தந்த பணம் திரும்பிப் போயிடுச்சு"ங்கிறதும் வேற வேற நோய். ரெண்டாவதுதான் அதிகம்னு என் கணிப்பு. முதல்ல எதுன்னு கண்டுபிடிங்க, மனுவை அப்புறம் எழுதுங்க.

---

லேத்து_மாஸ்டர்

மேல இருக்கிறவர் சொன்னது சரி. பட்டறைப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

வெல்டர் ஒரு வருஷ டிரேடு (தொழிற்பிரிவு), ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு வகுப்புக்கு, 20 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 ராடுன்னு கஞ்சத்தனமா வெச்சாலும் 100 ராடு. மாசம் 20 வேலை நாள்னா 2,000 ராடு. பசங்க பழகுறது பெரும்பாலும் 3.15 எம்எம், 350 எம்எம் நீளம், 6013 ரகம். ஒரு ராடு கோட்டிங்கோட சேர்த்து சுமார் 30 கிராம், அப்ப மாசத்துக்கு 60 கிலோ. இதைக் கையில வெச்சுக்கிட்டு இருப்புப் பதிவேட்டைப் பாருங்க. வருஷத்துக்கே 100 கிலோதான் வரவு வெச்சிருந்தா ஒதுக்கீடு பத்தல. 600 கிலோ வரவும் பற்றும் எழுதியிருக்கு, ஆனா ஷெட்டுல வெட்டின பிளேட்டும் தீஞ்ச ராடு முனையும் கண்ணுலயே படலன்னா அது வேற விவகாரம். ஸ்க்ராப்புக்கும் பதிவேடு உண்டு, ஏலம் விட்ட கணக்கும் உண்டு. 600 கிலோ ராடு எரிஞ்ச ஷெட்டுல பழைய பிளேட்டு ஒரு குவியலாவது கிடக்கணுமே.

இன்னொண்ணு. மழைக்காலத்துல திறந்து போட்ட பாக்கெட் நமுத்துப் போகும். நமுத்த ராடுல பீடு (உருகிப் படிஞ்ச வெல்டிங் கோடு) பூரா பொத்தல் விழும். "ராடு இருக்கு, ஆனா ஆகாது"ன்னு பயிற்றுநர் சொன்னா அது பொய்யா இருக்கணும்னு இல்ல. காய வைக்கிற ஓவன் ஓடுதான்னு கேளுங்க. மார்ச்ல அவசரமா மொத்தமா வாங்கி அடுக்குற இடத்துலதான் இது நடக்கும்.

பழைய லேத்து மூலையில துரு ஏறி நிக்குதே, அதை ஏன் தூக்கலன்னு எல்லாரும் கேட்பாங்க. கண்டம் பண்ணின, அதாவது இனி ஆகாதுன்னு கழிச்ச உத்தரவு இல்லாம ஒரு போல்ட்டைக் கூட வெளியே எடுக்க முடியாது. கமிட்டி பார்க்கணும், மதிப்பு போடணும், ஏலம் விடணும். அது வரைக்கும் பதிவேட்டுல அது உயிரோட இருக்கிற மெஷின். சோதனைக்கு வர்றவங்க கணக்குல "மெஷின் இருக்கு"ன்னுதான் விழும்!

---

தொப்பூர்_கணவாய்

சோதனை பண்றது என்சிவிடி, அந்த தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்தானே? அவங்களுக்கு ஒரு புகார் போட்டா அங்கீகாரமே போயிடும், எல்லாரும் அலறிக்கிட்டு ஓடி வருவாங்க.

---

வில்லை_10ரூபாய்

@தொப்பூர்_கணவாய் தம்பி, ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, அந்த என்சிவிடி அமைப்பு இப்ப அந்தப் பழைய வடிவத்துல இல்ல. 2018 டிசம்பர்ல அறிவிச்ச என்சிவெட்ங்கிற தேசியக் கவுன்சில் 2020 ஆகஸ்ட்டுல இருந்து ஒழுங்குமுறை அமைப்பா வேலை செய்யுது. ஐடிஐக்கு அங்கீகாரம் தர்றது, தேர்வு, சான்றிதழ் எல்லாம் டிஜிடி, அதாவது மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குக் கீழ இருக்கிற பயிற்சித் தலைமை இயக்ககம். டிஜிடி கைல அங்கீகாரம் இருக்கு, பணப்பெட்டி இல்ல. "ராடு வாங்கிக் குடு"ன்னு அவங்களைக் கேட்க முடியாது. "இந்த யூனிட்டுக்கு நீங்க சொன்ன இடம், மெஷின், தகுதியான பயிற்றுநர் இருக்காங்களா"ன்னு மட்டும் கேட்கலாம்.

ரெண்டு, அங்கீகாரம் போனா நஷ்டம் யாருக்கு? சென்னைக்கும் இல்ல, பிரின்சிபாலுக்கும் இல்ல. அடுத்த வருஷம் அந்த டிரேடுல சேர வேண்டிய 20 பசங்களுக்கு. அவசரப்பட்டு அந்த ஆயுதத்தை எடுக்காதீங்க.

அங்கீகாரத்தை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்துல ஐடிஐ பேரையோ குறியீட்டையோ போட்டுத் தேடுங்க. குறியீட்டுல முதல் எழுத்து ஜி-ன்னா அரசு, பி-ன்னா தனியார். 33ங்கிறது தமிழ்நாடு. எந்த டிரேடு, எத்தனை யூனிட்னு வரும். தனியார் ஐடிஐயில சேர்க்கிறதுக்கு முன்னாடி இதை அவசியம் பாருங்க. வாசல் போர்டுல ஆறு டிரேடு எழுதியிருக்கும், தளத்துல மூணுதான் இருக்கும். மிச்சம் மாநிலக் கவுன்சில் சான்றிதழா, இல்ல வெறும் போர்டான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

கணக்குச் சோதனை தனி. துறையோட உள்தணிக்கை ஒரு பக்கம், மாநிலக் கணக்காயர் தணிக்கை இன்னொரு பக்கம். கணக்காயர் ஆட்கள் ஆய்வறிக்கையில பத்தி பத்தியா ஆட்சேபனை எழுதுவாங்க, நிலையம் பதில் சொல்லித் தீர்க்கணும். பெரிய விஷயமா இருந்தா சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையாகி சட்டமன்றத்துக்குப் போகும், அங்கே பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்கும். நம்ம ஊர் ஐடிஐயோட 60 கிலோ ராடு அவ்வளவு தூரம் போகாது. ஆனா "தணிக்கைப் பத்திகள் எத்தனை நிலுவை, என்னென்ன"ன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டா நிலையத்துலயே கிடைக்கும். வெளியாட்கள் நூறு கேள்வி கேட்கிறதை விட உள்ளே எழுதி வெச்ச ஒரு பத்தி மேல்.

---

மார்ச்_31

ஒரு விஷயம் விட்டுட்டேன். ஐஎம்சின்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க, நிலைய மேலாண்மைக் குழு.

2007-08ல இருந்து படிப்படியா மத்திய அரசு நாடு முழுக்க 1,396 அரசு ஐடிஐகளுக்குத் தலா ரூ.2.5 கோடி வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. கடன் வாங்கினது ஐடிஐ இல்ல, சங்கமாப் பதிவு பண்ணின ஐஎம்சி. தலைவர் தொழில்துறை ஆள், பிரின்சிபால் உறுப்பினர் செயலர். முதல் 10 வருஷம் தவணை கிடையாது. அப்புறம் 20 வருஷத்துல சம தவணை, அதாவது முழுக்கடன் வாங்கியிருந்தா வருஷத்துக்கு 12.5 லட்சம். அதைக் கட்டணுமேன்னு சில சங்கம் பணத்தை வைப்பு நிதியில போட்டு அடைகாக்கும். அந்த நிலையத்துக்கு ஐஎம்சி இருந்து, வங்கியில இருப்பும் இருந்து, ஷெட்டுல ராடு இல்லன்னா, உங்க தீர்மானத்தோட முதல் வரியே அதுதான். மார்ச் 31 தொல்லை அந்தப் பணத்துக்குக் கிடையாது. குழு கூடித் தீர்மானம் போட்டா அடுத்த வாரமே வாங்கலாம்.

இப்ப வந்திருக்கிற பிஎம் சேதுவும் ஐடிஐக்குத்தான். 1,000 அரசு ஐடிஐ, 200 மையம், 800 கிளைன்னு ரூ.60,000 கோடி: மத்திய அரசு 30,000, மாநிலங்கள் 20,000, தொழில்துறை 10,000. அதுவும் மேம்பாட்டுப் பணம்தான், அன்றாட ராடு அதுலயும் தனிக்கணக்கு.

கலெக்டர் பத்திக் கேட்டீங்க. துறை ஒதுக்கீட்டுல அவருக்குக் கை இல்ல, மனுவை அனுப்பி வைப்பார், அவ்வளவுதான். ஆனா ஒரு பை அவர்கிட்ட இருக்கு, யாரும் கேட்கிறதில்ல. மாவட்டக் கனிம அறக்கட்டளை. குவாரிக்காரங்க ராயல்டியோட சேர்த்துக் கட்டுற பணம். கிருஷ்ணகிரி மாதிரி கிரானைட் ஊர்ல இது சும்மா இல்ல. திறன் மேம்பாடு அதோட முன்னுரிமைப் பட்டியல்லயே இருக்கு. குவாரியால பாதிக்கப்பட்ட பகுதிப் பசங்க படிக்கிற நிலையம்னு காட்டினா கேட்கலாம். எம்எல்ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, அதுல வகுப்பறை, காம்பவுண்டு, கழிப்பறை கேளுங்க. ராடு மாதிரி தீர்ந்து போற பொருளுக்கு அது ஆகாது.

---

சனத்குமார_நதி

நாலாவது கேள்விக்கு: இல்ல, பாலிடெக்னிக் வேற துறை, வேற கதை.

அது உயர்கல்வித் துறை, மானியக் கோரிக்கை எண் 20, கணக்குத் தலைப்பு 2203. நிர்வாகம், தேர்வு ரெண்டும் கிண்டி தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், எல்லாரும் டோட்னு சொல்றது. அங்கீகாரம் ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. மூணு வகை உண்டு. அரசு பாலிடெக்னிக்னா முழுப்பணமும் அரசு. உதவி பெறும் பாலிடெக்னிக்னா அரசு ஒப்புதல் குடுத்த பணியிடங்களுக்கு மட்டும் சம்பள மானியம். சுயநிதின்னா அரசு பணம் கல்லூரிக்கு நேரா வராது, மாணவர் உதவித்தொகையாத்தான் வரும். ஒரே வளாகத்துல உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்து ஓடும். அங்கேதான் குளறுபடி: மானியச் சம்பளம் வாங்குற ஆசிரியர் எந்தப் பிரிவுல பாடம் எடுக்கிறார்னு நேர அட்டவணையைப் பார்த்தாத்தான் தெரியும்.

ஆசிரியர் கணக்கு எளிது. டிப்ளமோவுக்கு 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர்னு ஏஐசிடிஇ விதி. அரசு பாலிடெக்னிக்குல குறை பெரும்பாலும் பணத்துல இல்ல, ஆள்ல. 1,058 விரிவுரையாளர் பணியிடத்துக்கு 2017ல ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வெச்சு, மதிப்பெண் முறைகேடு வெளிய வந்து 2018ல ரத்தாச்சு. மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பர்ல. நடுவுல அத்தனை வருஷமும் தொகுப்பூதிய ஆட்களை வெச்சுத்தான் வண்டி ஓடுச்சு. சம்பள டப்பாவுல பணம் கிடந்தும் ஆள் போட முடியாத நிலைமை, மார்ச்_31 சொன்ன டப்பா கதைக்கு இது மறுபக்கம்.

பொண்ணுங்க இருந்தா பிரகதி உதவித்தொகை கேட்டுப் பாருங்க. ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள டிப்ளமோவுக்கு வருஷம் 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணு வரைக்கும்.

---

பென்னாகரம்_வாசி

ரொம்ப நன்றிங்க, தலை தெளிஞ்சுது. ஒரு சின்னக் கேள்வி. மாசம் 750 ரூபாய் உதவித்தொகை சில பசங்களுக்கு வருது, சிலருக்கு வரல. அதுவும் ஒதுக்கீடு பிரச்சினையா?

---

லேத்து_மாஸ்டர்

ஒரு யூனிட்டுல 20 பேருக்கும் வரலன்னா ஒதுக்கீடு. பாதிப் பேருக்கு மட்டும் வரலன்னா முதல்ல வருகைப் பதிவு, அடுத்தது பேங்க். பசங்க ஊர்க் கூட்டுறவு பேங்க்லயோ கிராம பேங்க்லயோ கணக்கு வெச்சிருப்பாங்க. அப்புறம் சிம் வாங்குற கடையில கைரேகை வெச்சதும் ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்துடும். ஆதார் வழியா வர்ற பணம் கடைசியா எந்த பேங்கோட இணைச்சாங்களோ அங்கதான் போய் விழும். பையனுக்கே தெரியாம அங்க சேர்ந்துக்கிட்டு இருக்கும். ஆதார் தளத்துல வங்கி இணைப்பு நிலைன்னு இருக்கு, எந்த பேங்குன்னு காட்டும். ரெண்டு வருஷம் வரவு செலவே இல்லாத கணக்கும் செயலற்றதாயிடும், கேஒய்சி குடுத்து எழுப்பணும்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் 1,000 ரூபாய் தனித் திட்டம், ஐடிஐ பசங்களுக்கும் உண்டு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. பாஸ்புக்குல எந்தப் பேருல வரவு விழுதுன்னு பாருங்க.

---

வில்லை_10ரூபாய்

கிராம சபைக்கு வருவோம். ஐடிஐ ஊராட்சிக்குக் கீழே வராது, அதனால தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனா கோப்புல போய் உட்காரும். "ஐடிஐயை மேம்படுத்த வேண்டும்"னு பொத்தாம்பொதுவா எழுதினா உட்கார்ந்த இடத்துலயே தூங்கிடும். எந்த நிலையம், எந்த டிரேடு, எத்தனை யூனிட், எந்த நிதியாண்டு, மூலப்பொருளுக்கு ஒதுக்கீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, இத்தனையும் இருக்கணும். அதுக்கு முதல்ல தகவல் வாங்கணும். ஆகஸ்ட்டுலயே போட்டாத்தான் அக்டோபர் 2க்குக் கையில பதில் இருக்கும்.

வெள்ளைத்தாள் போதும், தமிழ்லயே எழுதுங்க. பொதுத் தகவல் அலுவலர், நிலையத்தின் பேர், ஊர். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மேல ஒட்டுங்க. வறுமைக்கோட்டுக்குக் கீழன்னா அது கூட வேண்டாம், சான்று இணைச்சாப் போதும். ஏன் கேட்கிறீங்கன்னு காரணம் எழுதாதீங்க, சட்டம் கேட்கல. "ஏன் ராடு வாங்கவில்லை"ங்கிற மாதிரி கேள்வியும் வேண்டாம். "ஏன்"னு கேட்டா "இது தகவல் வரையறைக்குள் வராது"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. ஆவணமா கேளுங்க:

கடந்த 3 நிதியாண்டுகளில் மூலப்பொருள் தலைப்பில் பெறப்பட்ட ஒதுக்கீட்டு உத்தரவுகளின் நகல், தேதியுடன்.

அதே ஆண்டுகளில் செலவான தொகை, மார்ச் 31 அன்று ஒப்படைத்த அல்லது காலாவதியான தொகை.

வெல்டர் பிரிவின் மூலப்பொருள் இருப்புப் பதிவேட்டில் வெல்டிங் ராடு பக்கங்களின் நகல்.

நிலைய மேலாண்மைக் குழு இருப்பின், கடைசி 2 ஆண்டுகளின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை.

நிலுவையிலுள்ள தணிக்கைப் பத்திகளின் நகல்.

அஞ்சே போதும். ஒரே மனுவுல இருபது கேட்டா பக்கத்துக்கு 2 ரூபாய்னு பெரிய தொகை கேட்டு ஓலை வரும், நாளும் இழுக்கும். பதிவேடு தடிமனா இருந்தா நகலுக்குப் பதிலா நேர்ல பார்வையிடக் கேளுங்க. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்ல. போறப்ப வெல்டிங் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

"இது இயக்குநரகத்துல இருக்கு"ன்னு சொன்னா, அவங்களே 5 நாளுக்குள்ள அங்க மாத்தி அனுப்பணும், சட்டப்பிரிவு 6(3). 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லன்னா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். பதிவுத் தபால்ல அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க, 30 நாள் கணக்கு உங்க போஸ்ட் ஆபீஸ் முத்திரைல இருந்து ஆரம்பிக்கிறது இல்ல, அவங்க கைக்குப் போய்ச் சேர்ந்த தேதியில இருந்து.

---

சனத்குமார_நதி

கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது இதையே செய்றதா இருந்தா ஒரு குறிப்பு. மாவட்டம் பிரிஞ்சது 2004 பிப்ரவரியில. அதுக்கு முந்தின நில ஒப்படைப்பு, கட்டடக் கோப்பு தேடினா தருமபுரி கலெக்டரேட்டுலயும் ஒரு மனு சேர்த்துப் போடுங்க.